வாளியில் வளர்ந்த சோம்பேறி

ஜூன் 3

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். போனில் பேசினால் பாதியிலேயே, "பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல சம்பந்தி" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகன் உங்கள் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுதுபார்க்க வருகிறான். அவன் கையில் ஒரு சாக்குப்பை கொடுத்திருக்கிறேன். உள்ளே ஐந்து கிழங்கு இருக்கும். உருளைக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துவிடாதீர்கள். போன தடவை வந்தபோது எங்கள் பின்சுவரில் பார்த்து, "இது என்ன கொடி, இப்படிக் காய்க்குது?" என்று வாயைப் பிளந்தீர்களே, அந்தப் பழுபாகல்தான்.

பெயரில் பாகல் இருக்கிறதே தவிர, கசப்பு கிடையாது. காய் முழுக்க முள், ஆனால் குத்தாது. "அம்மா மாதிரி" என்று என் மகன் சொல்வான். முள் வரைக்கும் சரிதான் என்று மருமகள் முகத்தில் எழுதியிருக்கும். வாயை மட்டும் திறக்க மாட்டாள்.

வெயில் காலம் முழுக்கக் கொடி செத்த மாதிரி இருக்கும். கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். முதல் மழைக்கு முளைவிடும். ஏறுவதற்குக் கம்பியோ வலையோ கட்டிவிட்டால் போதும், பிறகு அதன் பாட்டுக்கு ஏறிக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காய்க்கிற கொடிகளுக்கு நான் போன வருடமே சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்திருந்தேன். அவற்றிலிருந்து மட்டும்தான் தோண்டினேன். என் சுவரில் ஒரு மூலையில் இன்னொரு கொடி இருக்கிறது, சோம்பேறி என்று பெயர் வைத்திருக்கிறேன். பூ மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டும், ஒரு பிஞ்சுகூடப் பிடித்தது கிடையாது. அதிலிருந்து உங்களுக்கு ஒரு துண்டு வரவில்லை. சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கும்போது நான் இரண்டாந்தரம் கொடுக்க மாட்டேன். என் கடையில் என் கத்தரியை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை, என் கொடியில் கிழங்கையும் என்னைத் தவிர யாரும் தோண்டியதில்லை.

உங்கள் மகள் பாப்பு நலம். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. இருந்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்.

உங்கள் சம்பந்தி,
தையல்கடை


ஜூலை 14

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். ஐந்து கிழங்கும் முளைத்துவிட்டன. கண்ணாடிக்கடைக்குப் பின்னால் இருக்கிற பால்கனியின் இரும்புக்கிராதியைப் பிடித்துக்கொண்டு மேல்மாடிக்காரர் ஜன்னல் வரைக்கும் போய்விட்டன. அவர் தினமும் ஒரு கொடியை எடுத்து எங்கள் பக்கம் தள்ளுகிறார். அது மறுநாள் அவர் பக்கமே போய்விடுகிறது. எங்கள் வீட்டுக்காரருக்கு ஓய்வு பெற்ற பிறகும் கண்டக்டர் புத்தி போகவில்லை. "படியில தொங்காதே, உள்ளே ஏறு" என்று கொடியிடமே சொல்கிறார்.

கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கொடியைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. அந்தப் பற்றுக்கம்பியைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் நேராக நீண்டு காற்றில் துழாவுகிறது. கம்பியைத் தொட்டதும் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. நடுவில் ஓரிடத்தில் நின்று, அதற்கு இந்தப் பக்கம் இடமாகவும் அந்தப் பக்கம் வலமாகவும் சுருள்கிறது. இரண்டு முனையும் கட்டுப்பட்டபின் ஒரே பக்கமாகச் சுருண்டால் முறுக்கேறி அறுந்துபோகும் அல்லவா? அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

ஆனால் ஒரு சந்தேகம். பூ நன்றாகப் பூக்கிறது. தெருவிளக்கு எரிகிற நேரத்தில் மஞ்சளாக விரிகிறது. ஒவ்வொரு பூவுக்கும் அடியில் முள்ளோடு சின்னப் பிஞ்சு ஒன்று, நகத்தளவுதான், பார்க்கவே ஆசையாக இருக்கிறது. இரண்டு நாளில் அந்தப் பிஞ்சு பழுத்து மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. ஐந்து கொடியிலும் இதே கதை. உரம் போட்டேன், தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டியும் பார்த்தேன். "உங்க சம்பந்தி கிழங்கைக் குடுத்தாங்க, காயைக் குடுக்க மறந்துட்டாங்க" என்கிறார் இவர். அவர் பேச்சை விடுங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

பாப்பு எப்படி இருக்கிறாள்? போன் செய்தால், "நல்லா இருக்கேம்மா" என்பதோடு சரி. கண்ணாடிக்கடைக்காரி பெற்ற பெண் எல்லாவற்றையும் மங்கலாகச் சொல்லப் பழகிவிட்டாள்.

உங்கள் சம்பந்தி,
கண்ணாடிக்கடை


ஜூலை 29

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டு "அவர் பேச்சை விடுங்கள்" என்றால், ஊசியைக் குத்திவிட்டு நூலை மட்டும் உருவிக்கொள்கிற கதைதான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டுச் சமையலுக்கு என் சுவரிலிருந்துதான் காய் போகிறது. அதே கொடி, அதே கிழங்கு. என் வீட்டில் காய்த்தது உங்கள் வீட்டில் காய்க்கவில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் காற்றே அப்படிப் போலிருக்கிறது. அங்கேயிருந்து வந்ததும் காய்க்கவில்லை, அங்கே போனதும் காய்க்கவில்லை.

எழுதிவிட்டேன், எழுதியதை அடித்து அழிக்க மாட்டேன். கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. கடைக்கு வருகிறவர்கள் அளவு கொடுப்பதற்கு முன்னால், "மருமக எதுவும் விசேஷமா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் இஞ்சுடேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரிக்கிறேன். உங்களை யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கிறதெல்லாம் என்னைத்தான்.

நேற்று மூன்றாவது டாக்டரிடம் போனோம். அவரும் பாப்புவுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். "அடுத்த தடவை ரெண்டு பேரும் வாங்க" என்றார். என் மகன் எதற்கு? எங்கள் குடும்பத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. என் மாமியார் ஏழு பெற்றவர். நான் மூன்று.

மழை முடிந்ததும் பாப்புவை உங்கள் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன். கொஞ்ச நாள் இருக்கட்டும். எத்தனை நாள் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

டாக்டர் வீட்டிலிருந்து வந்த கையோடு சோம்பேறியைப் பிடுங்கிவிட்டேன். மண்வெட்டி பட்டுக் கிழங்கு இரண்டாகப் பிளந்தது. இரண்டையும் பின்சந்தில் எறிந்தேன். எத்தனை வருடம் பூவைப் பார்த்தே பொறுத்துக்கொள்வது? பிடுங்கும்போதும் வெட்கமில்லாமல் பூத்திருந்தது. ஒரு பூவை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க மட்டும்தான் அழகு.

உங்கள் சம்பந்தி,
தையல்கடை


ஆகஸ்ட் 5

தையல்கடை சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன் ஒரு நாள் கடையை மூடினேன். கோபத்தோடு லென்ஸ் தேய்க்க முடியாது.

கொடியைப் பற்றி நீங்கள் எதை எழுதியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். என் மண் மோசம், என் கை ராசியில்லை, என் புருஷன் வாய் சரியில்லை, எல்லாம் இருக்கட்டும். ஆனால் என் மகளையும் கொடியையும் ஒரே வரியில் வைத்து எழுதினீர்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை. எரிகிறது, சம்பந்தி.

அனுப்பி வைக்கிறேன் என்கிறீர்கள். அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பதற்கு அவள் என்ன, உங்கள் கடையில் தைத்த சட்டையா?

என் மகள் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவள் சொல்ல மாட்டாள், நான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் முடிவதற்குள் லென்ஸ் தேய்க்கப் பழகினாள். எங்கள் ஊர்த் தபால்காரர் இன்றைக்கும் அவள் தேய்த்துக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் முகவரி படிக்கிறார். உங்கள் கடிதங்கள் எனக்கு வந்து சேருவதே அவள் புண்ணியத்தில்தான். கண்ணுக்குத் தெரியாத கீறலை விரல்நுனியில் கண்டுபிடிப்பாள். அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு உங்கள் கடையில் நாலு வருடமாகப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளாகக் குறை சொல்லவில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை.

மூன்று டாக்டரும் அவளிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவளைத்தானே அனுப்பப் பார்க்கிறீர்கள்?

கொடிக்குக் காய் பாரமா என்று கேட்பார்கள். என் மகள் எனக்குப் பாரமில்லை. ஆனால் நீங்கள் அவளை அனுப்ப வேண்டாம். அழைத்துவரத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால் நானே வருவேன். உங்கள் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பெட்டியை நான் தூக்கிக்கொள்வேன். அவள் வெறுங்கையோடு, தலையை நிமிர்த்திக்கொண்டு, உங்கள் தெரு முழுக்க என் பக்கத்தில் நடந்து வருவாள். கேட்கிறவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு நானே பதில் சொல்கிறேன்.

கண்ணாடிக்கடை


ஆகஸ்ட் 28

கண்ணாடிக்கடை சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் ஊர்த் தபால்காரருக்குக் கண்ணாடி இல்லாமலே கண் நன்றாக இருக்கிறது.

பேச்சு வளர்ப்பது எனக்குப் பிடிக்காது. செப்டம்பர் கடைசியில் பள்ளிச் சீருடைத் தையல் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பாப்பு கிளம்ப டிக்கெட் எடுக்கச் சொல்லி மகனிடம் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டதும் அவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

இங்கே இந்த வருடம் மழை சரியில்லை. காய் கொஞ்சம் குறைவு. அடுத்த தெருவிலிருந்து கேட்டு வந்தவர்களிடம், "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

பாப்புவுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள். தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் என்ன வேலையோ தெரியவில்லை. கேட்டால், "துணி காஞ்சிருச்சான்னு பார்த்தேன் அத்தை" என்கிறாள். இருட்டுகிற நேரத்தில் எந்த ஊரில் துணி காய்கிறது? எனக்கு மாடி ஏற முட்டி ஒத்துழைக்கவில்லை. இல்லாவிட்டால் போய்ப் பார்த்திருப்பேன்.

தையல்கடை


செப்டம்பர் 6

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இதை நிதானமாகப் படியுங்கள். நான் நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

நேற்று ஒருவருடைய கண்ணாடிக்குத் திருகு தேடி மேஜை இழுப்பறையைக் கிளறினேன். உங்கள் ஜூலைக் கடிதம் கையில் அகப்பட்டது. கோபத்தில் உள்ளே திணித்ததோடு சரி, அதற்குப் பிறகு பிரிக்கவே இல்லை. அதிலிருந்து உங்கள் சோம்பேறியின் பூ விழுந்தது. காய்ந்து காகிதமாகியிருந்தாலும் உருவம் கலையவில்லை. கையிலேயே லென்ஸ் இருந்தது. பார்த்தேன்.

இதழுக்கு அடியில் பிஞ்சு இல்லை, சம்பந்தி. வெறும் காம்புதான். காம்பின் உச்சியில், பூவைத் தாங்கிப் பிடித்தாற்போல் தொப்பி வடிவத்தில் ஒரு சின்ன இலை. இதழைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் பொடி. ஊதினால் பறந்தது.

பொழுது சாயும்வரை காத்திருந்து, பால்கனியில் விரிந்த பூ ஒன்றைப் பறித்துப் பக்கத்தில் வைத்தேன். இதில் பிஞ்சு இருக்கிறது, அந்தத் தொப்பி இலை இல்லை. உள்ளே பொடியும் இல்லை. பச்சையாக, மூன்றாகப் பிரிந்து, தொட்டால் ஒட்டுகிற ஒரு முனை இருந்தது. ஐந்து கொடியிலும் ஒவ்வொரு பூ பறித்துப் பார்த்தேன். எல்லாம் அப்படியே.

உங்கள் சோம்பேறி ஆண்கொடி. பூசணியிலும் பீர்க்கிலும் ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் பூக்கும். சாதாரணப் பாகலும் அப்படித்தான். பழுபாகல் அந்த ஜாதி இல்லை. இதில் ஆண் ஒரு கொடி, பெண் ஒரு கொடி. சாயங்காலம் பூச்சி ஒன்று அந்தப் பொடியை எடுத்து வந்து இந்த முனையில் ஒட்டினால்தான் பிஞ்சு நிற்கும். இல்லையென்றால் உதிரும். காய்க்கிற கொடியாகப் பார்த்துப் பார்த்து, சிவப்புத் துணி கட்டி, முதல்தரமாக எனக்கு ஐந்து கொடுத்தீர்கள். ஐந்தும் பெண். நல்ல மனதோடு கொடுத்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் சொல்லாததும் எனக்குத் தெரியும். சோம்பேறியைப் பிடுங்கிய பிறகு உங்கள் சுவரில் ஒரு பிஞ்சுகூட நின்றிருக்காது. மழைமேல் பழி போடாதீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், காய்க்காத சுவரைத் தெருவுக்கு மறைக்க முடியாது.

கொடிப் பேச்சை இத்தோடு விடுகிறேன். இப்போது என் மகளைப் பற்றி.

நான் வாய்விட்டுக் கேட்கிறேன். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "ரெண்டு பேரும் வாங்க" என்று அவர் சும்மா சொல்லவில்லை. குறை என்று ஏதாவது இருந்தாலும் இருக்கட்டும். அவர் எங்கள் மாப்பிள்ளைதான். அவரை நான் எந்தச் சந்திலும் எறிய மாட்டேன்.

உங்கள் சம்பந்தி,
கண்ணாடிக்கடை


செப்டம்பர் 30

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பேன் என்று தேடாதீர்கள். அந்தச் சொல் என் பேனாவுக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும், "ஏட்டுச் சுரைக்காய்" என்று சொல்லி மடித்து மிஷின் டிராயருக்குள் போட்டேன். மிஷினை மிதித்தால் தையல் கோணலாகப் போகிறது. பிரித்துத் தைத்தேன், மறுபடியும் கோணல். எனக்கு அப்படி நடந்ததே இல்லை. எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன்.

தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் இரண்டு பழைய பெயின்ட் வாளி. இரண்டிலிருந்தும் கொடி கிளம்பிக் குழாயைச் சுற்றித் தொட்டியின் தலைக்கு மேலே போயிருந்தது. மஞ்சளாக முதல் பூக்கள் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் உங்கள் மகள், கையில் சொம்போடு.

"என்னடி இது?" என்றேன்.

"சோம்பேறி, அத்தை."

"அதை நான் அன்னிக்கே தூக்கி எறிஞ்சேனே."

"ஆமா. நான் போய் எடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு துண்டுமே முளைச்சிருச்சு."

"காய்க்காதுன்னு தெரியும்ல உனக்கு? அப்புறம் எதுக்கு?"

சொம்பைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்துப் பேசினாள், சம்பந்தி. நாலு வருடத்தில் அப்படி அவள் பார்த்ததில்லை.

"காய்க்கலேன்னா சந்துல கிடக்கணுமா அத்தை? நான் பக்கத்துல இருக்கேன்னு காட்டத்தான் எடுத்து வெச்சேன். அது பாட்டுக்குப் பூக்குது. எனக்கு அது போதும்."

அவளுக்கு உங்கள் கடிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆண்கொடி, பெண்கொடி எதுவும் தெரியாது. தெரியாமலேயே காப்பாற்றி வைத்திருக்கிறாள்.

பூவில் நாலைந்தைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். "எங்க அத்தை போறீங்க?" என்று அவளும் பின்னாலேயே வந்தாள். சுவரோரம் ஸ்டூல் போட்டு ஏறி, நீங்கள் எழுதியிருந்த அந்த ஒட்டுகிற முனையில் பொடியைத் தடவினேன். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பின்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, பூவுக்குப் பூ வைக்கிறீங்க?" என்று கேட்டாள். போடி என்றேன்.

நின்றுவிட்டது, சம்பந்தி. தடவிய பூவில் ஒன்றைத் தவிர எல்லாப் பிஞ்சும் நின்றுவிட்டன. உதிரவில்லை, மஞ்சளாகவில்லை. பச்சைப் பசேலென்று முள்ளோடு தடித்துக்கொண்டு வந்தன. நான் ஒரு காலையில் அவற்றைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே போய், மகனிடம், "நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா, டாக்டர்கிட்ட போறோம்" என்றேன்.

அவன் எதிர்த்துப் பேசுவான் என்றுதான் நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "லிஃப்ட் நின்னுடுச்சுன்னா கீழ்க்கதவை மட்டும் மூணு தடவை திறந்து பார்த்துட்டு வர மாட்டோம்மா. மேல போய் மோட்டாரையும் பார்ப்போம். நீ கூப்பிடுவேன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். நானா போயிருக்கணும்." பாப்பு வாசல்வரை வந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

குறை அவனிடம்தான் இருக்கிறது. மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று மூடி மறைக்காமல் சொன்னார். என் மாமியாருக்கு ஏழு, எனக்கு மூன்று என்று நான் உங்களுக்கு எழுதினேன். அந்தக் கணக்கு எதற்கும் உதவாது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாள் பட்டன்கடைக்காரி வந்தாள். வழக்கம்போல, "என்ன, மருமக எதுவும்..." என்று ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த என் மகன் டம்ளரோடு வெளியே வந்து, "அவளுக்கு ஒண்ணுமில்லக்கா. எனக்குத்தான் வைத்தியம் நடக்குது. கடவுள்கிட்ட வேண்டிக்கோங்க, பட்டன் விலையையும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றான். கடையே கொல்லென்று சிரித்தது. அவள் பட்டன் டஜனை எண்ணாமலே கொடுத்துவிட்டுப் போனாள். எத்தனையோ சட்டை தைத்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு மகனைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்த மாதிரி எதற்கும் நிமிர்ந்ததில்லை.

இப்போது முக்கியமான விஷயம். செப்டம்பர் கடைசியில் அனுப்பி வைக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அனுப்பி வைக்கிறேன். என் மகனையும் ஒரு வாளியையும் மட்டும். சோம்பேறியின் ஒரு பாதி உங்களுக்கு, ஒரு பாதி எனக்கு. பஸ்ஸில் வாளியை ஜன்னலோரம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், காற்றுப் பட்டால் பூ வாடாமல் இருக்கும்.

பாப்புவை அனுப்ப மாட்டேன். கேட்டாலும் தர மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிக்கிற கை என்று எழுதினீர்களே, போன வாரம் அவளைப் பட்டன் பெட்டியிலிருந்து எழுப்பி வெட்டுமேஜைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துணியை விரித்து, என் கத்தரியை அவள் கையில் கொடுத்தேன். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு வெட்டினாள். இனிமேல் வெட்டுவேலை அவளுடையது. அவள் இல்லாமல் கடை ஓடாது.

அவளைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள்தான் இங்கே வர வேண்டும். வாசலில் நின்று கூப்பிட வேண்டாம், உள்ளே வாருங்கள்.

உங்கள் சம்பந்தி,
தையல்கடை


அக்டோபர் 11

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். மாப்பிள்ளையும் வாளியும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் வாளிக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றாராம். எங்கள் வீட்டுக்காரர்தான் பஸ் ஸ்டாண்டுக்கே போய் நின்று, "கொடிக்கு அரை டிக்கெட், அதுவும் மடியில உக்காந்து வந்தா கிடையாது" என்று வாதாடினாராம். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்டாண்டில் இவர் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது.

மாப்பிள்ளை வந்த அன்றைக்கே, காபி டம்ளரைக்கூட வைக்காமல் பால்கனிக்குப் போனார். பூ விரிகிறவரைக்கும் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பூ விடாமல் அவரே தடவினார். நான் விளக்கைக் காட்டினேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். என் மகளுக்கு நான் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை முதல்தரம்தான், சம்பந்தி. எவருக்கு என்ன குறை இருந்தாலும் அதில் எனக்குச் சந்தேகம் வராது.

ஐந்து கொடியிலும் பிஞ்சு நிற்கிறது. மேல்மாடிக்காரர் இப்போது கொடியைத் தள்ளுவதில்லை. தன் ஜன்னலுக்குள் வந்த காய் தனக்கு என்கிறார்.

பாப்புவின் பழைய லென்ஸை மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெட்டுமேஜையில் இருக்கட்டும். அடுத்த மாதம் நான் வருகிறேன். பெட்டி கொண்டு வருவேன், என் துணிக்கு மட்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வாளியின் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. காய்க்கிற கொடிக்குத்தானே அதைக் கட்டுவீர்கள்? லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெட்டு உங்களுடையது இல்லை. கடைசியில் இடப்பக்கம் ஒரு நூலளவு சாய்ந்திருக்கிறது, சின்ன வயதிலிருந்தே பாப்பு அப்படித்தான் வெட்டுவாள். ஆனால் முடிச்சு அவளுக்குப் போடத் தெரியாத முடிச்சு, தையல்காரி முடிச்சு.

அதை நான் அவிழ்க்கவில்லை.

உங்கள் சம்பந்தி,
கண்ணாடிக்கடை